மணியம்மை மேல் ஏற்றிய பழி

திராவிடர் கழகம் 1949இல் இரண்டாகப் பிரிந்ததற்குப் பெரியார் – மணியம்மை திருமணமே காரணம் என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்ட செய்தி. மேடைப் பேச்சிலும் டீக்கடை வாதத்திலும் அதுவே ஒப்பிக்கப்படுகிறது. எழுபது வயதை நெருங்கிய தலைவர் தம்மைவிட மிக இளைய பெண்ணை மணந்தார், அண்ணாவும் தோழர்களும் மனம் நொந்து வெளியேறினார்கள், தி.மு.க. பிறந்தது. கதை சுருக்கமாகவும் சுவையாகவும் இருக்கிறது. நடந்தவற்றைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால் மட்டும் அது நிற்பதில்லை. தனிநாடு கேட்ட அந்தக் கட்சியிடம் அடுத்த தலைவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. திருமணம், அந்தக் கேள்விக்குப் பெரியார் தாமாகவே எழுதிக்கொண்ட விடை. 1949இல் வெளியேறியவர்கள் மறுத்தது அந்த விடையை.

பெரியாரே மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்தான். 1938 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக அவர் சிறையில் இருந்தபோது நீதிக்கட்சி மாநாடு அவரைத் தலைவராக்கியது. தலைமையுரையை வேறொருவர் படிக்க வேண்டியிருந்தது. 1940இல் திருவாரூர் மாநாடு திராவிட நாடு கோரிக்கையை ஏற்றது. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆனது. பட்டம் பதவிகளைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானங்களும் அங்கேதான் நிறைவேறின. அவற்றை ஏற்காத பி.டி. ராசன் முதலானோர் பழைய நீதிக்கட்சிப் பெயரிலேயே தனியே நின்றார்கள். இந்த இயக்கத்தின் முதல் பெரிய பிளவு இது. அதில் எந்தத் திருமணமும் இல்லை.

சேலத்துக்குப் பிறகு கட்சி ஒருவரைச் சுற்றியே வளர்ந்தது. அதே 1944இல் கடலூரில் கூட்டம் முடிந்து ரிக்‌ஷாவில் திரும்பிய பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது. ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயனில்லை என்று வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றதையும் தேடி எடுத்துக்கொண்டார் என்பது இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த இடத்தில் 1972இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். இத்தகைய துணிச்சல்தான் தொண்டர்களைச் சேர்த்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் பற்று கட்சி விதிகளின் மேல் இல்லை, அந்த மனிதரின் மேல் இருந்தது. கடலூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் அக்காலத்திலேயே கழக மேடைகளில் பேசத் தொடங்கியிருந்தான். திராவிட இயக்கத்தின் திருஞானசம்பந்தர் என்று அண்ணா அறிமுகப்படுத்திய அந்தச் சிறுவன்தான் கி. வீரமணி.

கடலூருக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் வேறொரு வகை ஆள் உருவாகிக்கொண்டிருந்தார். நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள். இயக்கத்துக்குள் வந்த பட்டதாரிகள் இவர்கள்; பத்திரிகையும் சொற்பொழிவுமே இவர்களுடைய கருவிகள். கட்சி என்றால் செயற்குழு கூடும், விவாதிக்கும், முடிவெடுக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்தத் தலைமுறைக்கு இருந்ததில் வியப்பில்லை. பெரியாரோ இயக்கத்தைப் படை என்று கருதியவர். படையில் தளபதியை வாக்கெடுத்து மாற்றுவதில்லை. வீரமணியும் பின்னாளில் இதே அண்ணாமலையில்தான் பொருளியல் படித்தார். ஆனால் அவர் பெரியாரோடு நின்றார். ஒரே வளாகத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஆள் போயிருக்கிறது. இவர்களைப் பிரித்தது தலைமையைப் பற்றிய கருத்தே என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை.

திருமணத்துக்கு முன்பே விரிசல் வெளியில் தெரிந்தது. 1947 ஆகஸ்டு 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை மகிழ்ச்சிக்குரிய நாள் என்று தம் ‘திராவிட நாடு’ இதழில் வெளிப்படையாக எழுதினார். கட்சியின் முதன்மையான கோரிக்கையையே தொட்ட விவகாரத்தில் பெரியாரும் அண்ணாவும் ஊரறிய மாறுபட்டார்கள். 1948 மே மாதம் தூத்துக்குடி மாநாட்டுக்கு அண்ணா போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஈரோட்டுத் தனி மாநாட்டில் நிலைமை தலைகீழானது. அண்ணாவைத் தலைமை தாங்க வைத்து ஊர்வலமாக அழைத்துச் சென்ற பெரியார், பெட்டிச் சாவியை அவரிடம் ஒப்படைப்பதாகவே மேடையில் பேசினார். அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு அப்போதே நடந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பேச்சிலும் கட்சி கேட்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாவி பெரியாருடையது, கொடுப்பதும் எடுப்பதும் அவர் விருப்பம். ஒன்பது மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டபோதும் முறை மாறவில்லை, பெறுபவர்தான் மாறினார்.

1949 மே மாதம் திருவண்ணாமலைக்கு வந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியைப் பெரியார் தனியே சந்தித்தார். பேசியது என்ன என்று அண்ணா கேட்டார், விளக்கம் கிடைக்கவில்லை. கட்சியை உடைக்க ராஜாஜியே திருமண யோசனை சொன்னார் என்ற துணைக்கதை இங்கிருந்துதான் முளைத்தது. ராஜாஜி பெரியாருக்கு எழுதிய கடிதத்தைப் பின்னாளில் வீரமணி வெளியிட்டார். அதில் ராஜாஜி திருமணத்தை ஊக்குவிக்கவில்லை. இருந்தும் துணைக்கதை சாகவில்லை, சதிக்கு உள்ள சுவை கடிதத்துக்கு இல்லை போலும்.

ஜூன் மாதம் ‘விடுதலை’யில் பெரியார் எழுதிய விளக்கங்கள் பூசி மெழுகாதவை. தமக்குப் பின் இயக்கத்தையும் அதன் சொத்தையும் பொறுப்போடு நடத்த நம்பத்தக்கவர் கட்சியில் எவரும் இல்லை, ஆகவே வாரிசு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதே அவற்றின் சாரம். அன்றைய இந்துச் சட்டத்தில் பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லை, 1956ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தந்தது. நாற்பதுகளின் தொடக்கத்திலிருந்து தம்மைக் கவனித்துவந்த மணியம்மையைச் சட்டப்படி வாரிசாக்கத் திருமணமே வழி என்பது பெரியார் தரப்பு வாதம். ஜூலை 9இல் பதிவுத் திருமணம் நடந்தது. வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. எனினும் 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிவுபெற்ற சங்கமானது. சொத்தைக் காக்கச் சங்கப் பதிவு என்ற வழியும் இருந்திருக்கிறது என்றால், 1949இல் அந்த வழி ஏன் எடுக்கப்படவில்லை? சங்கம் என்றால் உறுப்பினர் வேண்டும், கூட்டம் வேண்டும், கணக்கு வேண்டும். யாரையும் நம்ப முடியாது என்று எழுதியவருக்கு அப்போது அது ஒத்துவந்திருக்காது.

வெளியேறியவர்களைப் புண்படுத்தியது எது என்பதை இங்கே தேட வேண்டும். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்து வளர்ந்த இயக்கம் சுயமரியாதை இயக்கம். அதன் தலைவரே அப்படி மணந்தது தொண்டர்களைத் தலைகுனிய வைத்தது உண்மை. அந்தக் கோபத்தைப் போலி என்று தள்ளுவது நியாயமாகாது. அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் 1949 செப்டம்பர் 17 நிகழ்வு வேறு மாதிரி அமைந்திருக்க வேண்டும். பெரியாரின் பிறந்தநாளில்தான் புதுக்கட்சி தொடங்கப்பட்டது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழையில், முதல் பொதுக்கூட்டம் நடந்தது. புதுக்கட்சியில் தலைவர் பதவியே இல்லை. அந்த நாற்காலி பெரியாருக்கு உரியது என்று காலியாக விடப்பட்டது. ஒருவருடைய திருமணம் அருவருப்பானது என்று பிரிந்துபோகிறவர்கள் அவருக்கே நாற்காலி போட்டு வைப்பார்களா? அவர்கள் தகர்த்தது அவருடைய தலைமையை அல்ல, அவருக்குப் பின் வரப்போகிறவரை அவர் ஒருவரே நியமிக்கலாம் என்ற உரிமையைத்தான். பொதுச்செயலாளர் என்ற பதவியை முன்னிறுத்தியதும் அதே நோக்கத்தில்.

திராவிடர் கழகத் தரப்பு சொல்லிவரும் மறுகதையும் தேறாது. அண்ணா கூட்டத்துக்குப் பதவி ஆசை, திருமணம் ஒரு சாக்கு என்பது அந்தக் கதை. ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பெரியார் அவர்களை ஆண்டுக்கணக்கில் கேலி செய்தார். பதவிக்குப் பறந்தவர்கள் 1952 தேர்தலில் நின்றிருக்க வேண்டும், தி.மு.க. நிற்கவில்லை. திராவிட நாட்டை ஆதரிப்பதாக உறுதியளித்த பிற கட்சிகளை ஆதரித்தது. கடலூர்ப் பகுதியின் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியார் தலைமையிலான தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி அவற்றுள் ஒன்று. 19 இடங்களை வென்ற அந்தக் கட்சியின் தலைவர் 1954இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். ஏமாந்தபின்தான், 1956இல் திருச்சி மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தி, தேர்தலில் நிற்க தி.மு.க. முடிவு செய்தது. சாக்குத் தேடியவர்கள் ஏழாண்டு காத்திருப்பது அரிது.

இரண்டு கதைகளும் ஆட்களின் குணத்தையே பேசுகின்றன, ஒன்று பெரியாரின் சபலத்தை, மற்றது அண்ணாவின் ஆசையை. தலைமையை மாற்றும் முறை என்ற ஒன்று கட்சிக்கு இருந்ததா என்று இரண்டுமே கேட்பதில்லை. பின்னால் நடந்தவை அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுப்புகின்றன. தி.மு.க. 1956இல் நெடுஞ்செழியனைப் பொதுச்செயலாளராக்கியது. நிறுவனர் உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கையிலேயே பொறுப்பு கைமாறியது தமிழ்நாட்டுக் கட்சிகளில் இன்றும் அபூர்வம். 1960இல் அண்ணாவே மீண்டும் வந்தார். 1961இல் ஈ.வெ.கி. சம்பத் பிரிந்துபோனார், 1963இல் தனிநாட்டுக் கோரிக்கையும் கைவிடப்பட்டது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்ததும் இடைக்கால முதல்வரான நெடுஞ்செழியனைத் தாண்டிக் கருணாநிதி முதல்வரானார். ஜூலையில் இருபதாண்டு காலியாக இருந்த தலைவர் பதவி நிரப்பப்பட்டது, கருணாநிதி தலைவர், நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர். 1972, 1994 பிளவுகள் எந்த மணமேடையிலிருந்தும் வரவில்லை. தலைவர் பதவியில் கருணாநிதி 2018இல் மறையும்வரை இருந்தார். பிறகு அவர் மகன் போட்டியின்றி வந்தார். பெரியாரிடம் வாரிசு முறையை எதிர்த்தவர்கள் தொடங்கிய கட்சி என்பதை நினைத்தால் இதில் ஒரு சிறு நையாண்டி இருக்கிறது. திராவிடர் கழகத்திலும் பெரியாருக்குப் பின் 1976இல் வே. ஆனைமுத்து தனி அமைப்பு கண்டார், பின்னாளில் பெரியார் திராவிடர் கழகம் தோன்றியது, அதுவும் 2012இல் பிரிந்தது.

பிற இடங்களிலும் தனிநாடு கேட்கும் கட்சிகளுக்குத் தலைவர் மாற்றம் எளிதாக இருந்ததில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியில் 2023இல் நிக்கோலா ஸ்டர்ஜன் விலகியபோது நடந்த போட்டியில் கேட் ஃபோர்ப்ஸின் மதநம்பிக்கையும் ஒருபால் திருமணம் பற்றிய அவர் கருத்தும் பெரிய சர்ச்சையாயின. திருமணம் அங்கேயும் பேசப்பட்டது. கட்சி உடையவில்லை, உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஹம்சா யூசுஃப் ஏறத்தாழ 52 விழுக்காடு, ஃபோர்ப்ஸ் 48 விழுக்காடு. தோற்றவர் அடுத்த ஆண்டே துணை முதல்வரானார். வாக்கெடுப்பு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கூட்டாட்சி கேட்டுத் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி 2024 ஜனவரியில் திருகோணமலையில் வாக்கெடுத்து, சுமந்திரனின் 137க்கு எதிராக 184 வாக்குகளில் சிறீதரனைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு கட்சி யாப்பின்படி நடந்ததா என்ற வழக்கு உடனே நீதிமன்றத்துக்குப் போய், அவர் பொறுப்பேற்க முடியாமல் போயிற்று. விதி முன்கூட்டியே எல்லாரும் ஒப்புக்கொண்டதாக இருந்தால்தான் வாக்குக்கு மதிப்பு.

திருமணக் கதையால் நேர்ந்த பெரிய அநியாயம் மணியம்மைக்கு. கட்சியை உடைத்தவர் என்ற பெயர் ஒன்றே அவரைப் பற்றிப் பலருக்குத் தெரிந்த செய்தியாக மிஞ்சியது. 1973 டிசம்பர் 24இல் பெரியார் மறைந்தபின் தலைமையேற்று, மறு ஆண்டு டிசம்பரில் சென்னைப் பெரியார் திடலில் இராவண லீலா நடத்தியவர் அவர். நெருக்கடிநிலைக் காலத்தில் வீரமணி முதலானோர் சிறையில் இருந்தபோது கழகத்தைக் கலையாமல் நடத்தியவரும் அவரே. பெரியார் விட்டுச்சென்ற சொத்து அவர் வீட்டாருக்குப் போகவில்லை, நிறுவனத்திடமே இருந்தது. 1949இல் பலரும் அஞ்சியது நடக்கவில்லை. 1978 மார்ச் 16இல் மணியம்மை மறைந்தபின் தலைமை கடலூர் வீரமணியிடம் வந்தது. அப்போதும் தொண்டர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைக் குறை என்று சொல்வதானால் அந்தக் குறை 1944லிருந்தே கட்சியில் இருந்தது. அன்று மணியம்மைக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை.