சுவிட்சுப் பெட்டியின் செலவு யார் தலையில்?

விளக்கு எரிந்தால் போதும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வாசல் கதவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும் சுவிட்சுப் பெட்டியைப் பற்றிச் சங்கப் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்கிறோம். அந்தப் பெட்டி தொழிலாளியின் சம்பளத்தில் பங்கு கேட்கிறது. சில வேளை உயிரையும் கேட்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பல தோட்டங்களில் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் போனது. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு புகைந்தது. சிங்கப்பூரிலும் இதைப் போன்ற ஒரு பழங்கதை உண்டு. தேக்காவுக்குப் பக்கத்திலேயே, மெக்கன்சி சாலையில், டிராம் கம்பெனியின் மின்நிலையம் இருந்தது. 1906-ல் நகராட்சி அங்கிருந்து மின்சாரம் வாங்கித் தெருவிளக்கு ஏற்றியது. முதலில் ஒளி பெற்ற இடங்களில் ஒன்று வணிகப் பெருமக்களின் ராபிள்ஸ் பிளேஸ். அன்று எழுந்த கேள்வி, வெளிச்சம் யாருக்கு என்பது. இன்று எல்லார் வீட்டிலும் வெளிச்சம் உண்டு. பாதுகாப்பு யாருக்கு என்பதே இன்றையக் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மெயின் சுவிட்சு 30 ஆம்பியர் தாங்கும். மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 6,900 வாட். குளியலறை வெந்நீர்க் கருவி 3,000 வாட், மின் அடுப்பு 2,000, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் 2,000, குளிர்சாதனம் 1,000. மொத்தம் 8,000. காலை நேரத்தில் நான்கும் ஒன்றாக ஓடினால் எல்லை தாண்டிவிட்டது! 40 ஆம்பியராக உயர்த்தினால் 9,200 வாட் கிடைக்கும்.

அப்படியானால் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டால் தீர்ந்ததா? தீராது. பழைய மெல்லிய கம்பியின்மேல் பெரிய சுவிட்சைப் பூட்டுவது, நோஞ்சான் மாட்டின்மேல் இரட்டைப் பாரம் ஏற்றுவதாகும். சுவிட்சு விழாது, கம்பி சூடேறும், தீப்பிடிக்கும். ஆகவே வீட்டுக்கு வரும் கம்பி தாங்குமா என்று பார்க்க வேண்டும். கட்டடத்தில் அடியிலிருந்து மேல்மாடிவரை ஏறும் தாய்க்கம்பியும் தாங்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் பணம் கொடுத்து முடிக்கக்கூடிய காரியம் அன்று இது.

இதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2007-ல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் மின்சாரச் சுமையை உயர்த்துவது அத்தியாவசிய வேலைகளில் ஒன்று. குடிமக்களுக்கு அந்த வேலையின் முழுச் செலவையும் அரசு ஏற்கிறது. கழிவறை, கதவு போன்ற விருப்ப வேலைகளுக்கு மட்டும் வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு கட்ட வேண்டும். முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கென இருந்த திட்டம், 2018-ல் 1997 வரை கட்டியவற்றுக்கும் விரிந்தது. ஆனால் ஒரு கட்டடத்துக்குத் திட்டம் வர, வாக்குரிமையுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆம் என்று சொல்ல வேண்டும். ஒற்றுமையின் பயனைச் சங்கத்து மக்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி உயிர்ப் பிரச்சினைக்கு வருவோம். மெயின் சுவிட்சு கம்பியைக் காக்கிறது, மனிதனைக் காப்பதில்லை. ஈரக் கையோடு பழுதான சலவை இயந்திரத்தைத் தொட்டவரின் உடலில் பாயும் சிறு மின்சாரம் 30 ஆம்பியர் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. அதற்கென்றே கசிவை உணர்ந்து தானே அறுபடும் சுவிட்சு ஒன்று உண்டு; ஆர்.சி.சி.பி. என்பார்கள். அது 30 மில்லி ஆம்பியரிலேயே, அதாவது மெயின் சுவிட்சின் எல்லையில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே, மின்சாரத்தை நிறுத்திவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புது வீடுகளுக்கு இது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 முதல்தான் கட்டாயமாயிற்று. இடையில் நாற்பது ஆண்டுகள்!

சட்டம் வந்ததை வரவேற்கிறோம். அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு உதவித்திட்டம் வந்ததையும் வரவேற்கிறோம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை நினைக்கும்போதுதான் கவலை வருகிறது. 1989-ல் அந்த வட்டாரம் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்புக்கு வண்ணம் பூசியாயிற்று. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். மாடியில் அறை வாடகைக்கு இருக்கும் தொழிலாளியின் கட்டிலுக்குப் பின்னே ஓடும் கம்பியை யார் பார்க்கிறார்கள்? பெட்டியைத் திறக்க அவனுக்கு உரிமையில்லை. கேட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம் வேறு.

“அதிகம் செலவழிப்பவன் அதிகம் கொடுக்கட்டுமே” என்பார்கள். குளிர்சாதனத்துக்கு அது பொருந்தும். உயிருக்குப் பொருந்தாது. 1966-ல் மலேசியாவில் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்துச் சட்டம் வந்தபோது, வீட்டின் தரம் முதலாளியின் கடமையாயிற்று. கூலிக்காரனின் தலைவிதி என்று விடவில்லை. அதே நியாயம்தான் கடைவீட்டு மாடிக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவை: வாடகைக்கு விடும் பழைய வீடு ஒவ்வொன்றின் பெட்டியும் சோதிக்கப்பட வேண்டும். செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும். அடுத்த மாத வாடகையில் அதை நுழைக்கக் கூடாது. புகார் செய்த குடியிருப்பாளரை வெளியேற்றக் கூடாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல். மலிவாகச் செய்கிறேன் என்று வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இவ்வேலையைச் செய்யலாம். கம்பிக்கு எவ்வளவு, சுவிட்சுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கூலியை மட்டும் அடித்துக் குறைக்காதீர்கள். சுவரில் துளையிட்டுக் கம்பி இழுப்பவனும் தொழிலாளியே. ஆர்.சி.சி.பி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அறுபட்டால் அது உயிரோடு இருக்கிறது. அறுபடாவிட்டால் உடனே ஆளை அழையுங்கள்.

சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன தோட்டத்துப் பிள்ளைகள் பலர். பெற்றோர்களே, அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். “நீ இருக்கும் அறையில் அந்தச் சுவிட்சு உண்டா?” என்றும் கேளுங்கள். இல்லை என்றால், அதைக் கேட்டுப் பெறுவது பிச்சையல்ல, உரிமை.