ஊறலுக்கு வேறொரு பெயர்



சென்ற மாதம் மாடம்பாக்கத்தில் நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவருடைய வீட்டில் ஜெபக்கூட்டம் நடைபெற்றது. ஆசீர்வாதம் கூறி முடித்தபின் அவர் என்னைத் தனியே அழைத்து, சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சிறு தாழ்வாரத்துக்குக் கூட்டிச் சென்றார். அங்கே ஓர் இரும்புச் சட்டத்தின்மேல், இடுப்பளவு உயரத்தில், பளபளக்கும் எவர்சில்வர் கலன் ஒன்று நின்றது. மேற்பாதி உருளை, கீழ்ப்பாதி புனலைப்போல் குறுகி, ஒரு வால்வில் முடிந்தது. தாமே வரைபடம் வரைந்து, பட்டறையில் சொல்லிச் செய்வித்ததாம். வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்கு.

அவர் பொறியாளர். தம் கைவேலையைக் குறித்து அவருக்கிருந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து இக்கலனில் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமிலவாயுவையும் வெளியிடுகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படிகிறது. தட்டையான வாளியானால் அந்த வண்டல் பரந்து கிடந்து, நாளடைவில் பானத்தின் சுவையைக் கெடுக்கும். கூம்பின் சரிவு அறுபது பாகை அளவில் இருந்தால் வண்டல் வழுக்கி முனைக்கு வந்துவிடும். வால்வைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றலாம், நல்ல ஈஸ்டை அடுத்த முறைக்கு எடுத்தும் வைக்கலாம். நம் ஊர் வெயிலில் ஈஸ்ட் பாழாகும் என்பதால், ஏறக்குறைய 20 டிகிரியில் வைத்திருக்கப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றையும் அவர் மாற்றியமைத்து வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "பாஸ்டர், இது பாவமா?" என்று கேட்டார்.

"பார்த்துச் செய்யுங்கள், தம்பி" என்றேன். அது கோழையின் பதில். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலாவது, நம் தரப்பிலுள்ள பொய்யான வாதங்களை ஒதுக்கிவிடுவோம். வீட்டில் காய்ச்சிய பீரைக் குடித்தால் கண் போகும், உயிர் போகும் என்று பிரசங்க பீடங்களிலிருந்து சொல்லப்படுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்; நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மையன்று. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே சித்தாமூர் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம். வாற்கோதுமையை நொதிக்கவைப்பதால் அந்த விஷம் கொல்லும் அளவில் உண்டாவதில்லை. பொய்யைச் சொல்லி மக்களைப் பரிசுத்தத்துக்கு நடத்த முடியாது. இரசாயனம் படித்த பிள்ளைகள் நம் வாலிபர் கூட்டத்தில் இருக்கிறார்கள். இதில் பொய் சொன்னவன் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லும்போதும் அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

வேதத்திலும் அவ்வாறே. கானாவூரில் ஆறு கற்சாடிகளில் இருந்தது வெறும் பழச்சாறுதான் என்று வலிந்து நிரூபிக்க நான் முயலப்போவதில்லை. பந்திவிசாரிப்புக்காரன் பேசியது, ஜனங்கள் நிறையக் குடித்தபின் ருசி மங்கிப்போகும் ஒரு பானத்தைப் பற்றி. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் அனுமதித்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எனவே "பீர் என்கிற பொருளே பாவம்" என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடுமானால் இந்தக் கட்டுரை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இனி, மறுபக்கத்து வாதங்களுக்கு வருகிறேன். மார்ட்டின் லூத்தரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் காய்ச்சினாரே என்று அச்சகோதரர் கேட்டார். மெய்தான். விட்டன்பர்க் நகரில் அவர்கள் குடியிருந்த பழைய மடத்துக்குப் பீர் காய்ச்சும் உரிமை இருந்தது. அந்த உரிமையின்படியே அந்த அம்மையார் காய்ச்சினார். உங்களுக்கு அப்படி ஓர் உரிமை இருக்கிறதா?

இங்கேதான் நம்மில் பலர் அறியாதிருக்கிற, அல்லது அறியாதவர்போல் இருக்கிற காரியம் வருகிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் இயற்றப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி இராஜாஜி அதைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. பின்பு கதவு திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. அந்த வரலாறு நீண்டது. ஆனால் அந்தச் சட்டம் நீக்கப்படவேயில்லை. மது என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கள்ளும் சாராயமும் மட்டுமல்ல, வைனும் பீரும் அடங்கும். அதன் 4-ஆம் பிரிவு, உரிமமின்றி மது தயாரிப்பதையும், தயாரிப்பதற்கான பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையுங்கூடக் குற்றமென்கிறது. பெங்களூரில் உணவகத்துக்குள்ளேயே பீர் காய்ச்சுகிறார்களே என்றால், அவர்கள் அந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர்கள். மாடம்பாக்கத்துத் தாழ்வாரம் வேறு.

சட்டத்தைக் காட்டி மட்டும் உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. மது விற்பதைத் தானே நடத்தும் அரசு, 2003 முதல் தெருத்தெருவாகக் கடை வைத்திருக்கும் அரசு, எனக்குப் புத்தி சொல்ல வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேளுங்கள், உரக்கவே கேளுங்கள். ஆனால் கேட்பவருடைய தாழ்வாரத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம்.

கல்வராயன் மலையில் போலீசார் சோதனையிட்டுச் சாராய ஊறலை அழித்ததாகச் செய்தித்தாளில் அடிக்கடி வாசிக்கிறோம். பிளாஸ்டிக் பேரல்களைக் கவிழ்த்துவிடும் படமும் வரும். ஊறல் என்றால் என்ன? வெல்லத்தையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைப்பது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. சாராயச் சத்தும் கரியமிலவாயுவும் வருகின்றன. அதற்கப்பால் அவர்கள் அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள், நீங்கள் வடிப்பதில்லை. அந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரலுக்குள் நடப்பது ஒன்றே, அதைத் தடுக்கும் சட்டப் பிரிவும் ஒன்றே. மலையில் அதன் பெயர் ஊறல். உங்கள் வீட்டில் அதன் பெயர் ஃபெர்மென்டர். மலையிலிருப்பவன் குற்றவாளி, நீங்கள் பொழுதுபோக்கில் ஈடுபாடுள்ளவர். அவன் கைதாகும்போது, "ஆண்டவரே, கள்ளச்சாராயத்தை ஒழித்தருளும்" என்று நாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கிறோம். கருணாபுரத்துக்குப் பின் தண்டனையைக் கடுமையாக்கி 2024-இல் சட்டத்தைத் திருத்தியபோது நம்மில் எத்தனைபேர் கைதட்டினோம்! நான் தட்டினேன். ஏழைமேல் விழுகையில் நீதியாகத் தெரியும் சட்டம், நம்மேல் விழக்கூடும் என்றவுடன் அற்பமாகத் தெரிகிறதென்றால், அந்த நியாயத்தைக் கர்த்தர் என்னவென்று அழைப்பார்? கள்ளத்தராசைப் பற்றிய நீதிமொழிகளைப் புரட்டிப் பாருங்கள்.

மூத்தவர்களே, வாலிபரைக் கண்டிக்கிறேன் என்று நீங்கள் இவ்வளவு நேரம் தலையசைத்திருப்பீர்கள். உங்களிடமும் வருகிறேன். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நம் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு முன் திராட்சை நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் கிராம்பும் சேர்த்து, துணி கட்டிப் பீங்கான் ஜாடியில் மூன்று வாரம் வைக்கும் வழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது? என் பாட்டி வைத்தார்கள். என் தாயார் வைத்தார்கள். கேக்குடன் அந்தச் சிறு கிளாஸை நீட்டாத வீட்டில் விருந்தோம்பல் இல்லை என்று நினைத்து வளர்ந்தவன் நான். போதகரான பின்பும் பாரிமுனைக்குச் சென்று கருந்திராட்சை வாங்கி வந்திருக்கிறேன். அந்த ஜாடிக்கும் எவர்சில்வர் கூம்புக்கும் வடிவத்தில்தான் பேதம். கத்தோலிக்கத் திருப்பலிக்குரிய இரசத்துக்கே உரிமம் வேண்டியிருக்கும் மாநிலத்தில், பாட்டியின் ஜாடிக்கு மட்டும் விலக்கு யார் கொடுத்தார்? வாலிபனுடைய கலனைப் பாவம் என்றும் நம்முடைய ஜாடியைப் பாரம்பரியம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் நம்மை மதிக்கமாட்டான், மதிக்க வேண்டியதுமில்லை. என் வீட்டு ஜாடியில் இப்போது ஊறுகாய் இருக்கிறது. இவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பிதான்.

இன்னும் நான் முக்கியமானதைச் சொல்லவில்லை.

அந்த ஜெபக்கூட்டத்தில், இரண்டாம் பாடல் முடிவதற்குள், ஒரு சகோதரர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் குடியை விட்டு மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளை அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்தவுடனே அந்த வாசனை அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. கொதித்த தானியத்தின் மணம், ஏதோ பலகாரம் செய்கிறார்கள் என்று நினைத்தோம். அவர் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் முடியுமட்டும் நின்றார். கீழே நாம் சகோதர அன்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவர் என்னிடம் சொன்னது: "பாஸ்டர், கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவை விட்டு விலகி நடப்பேன். ஜெப வீட்டை விட்டு எங்கே விலகுவது?"

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தையும் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தையும் இவ்வாரம் வாசியுங்கள். மாம்சம் புசிப்பதில் தனக்குப் பூரண சுயாதீனம் உண்டென்று அறிந்த அப்போஸ்தலன், தன் சகோதரன் இடறுவானானால் அதைத் தொடவே போவதில்லை என்று தீர்மானிக்கிறான். அவன் சட்டத்துக்குப் பயந்து விட்டுவிடவில்லை. தன் உரிமை உண்மையானது என்று அறிந்தே விட்டான். உங்களுக்கோ அந்த உரிமையும் இல்லை.

"கதவைப் பூட்டி வைக்கிறேன், அவரை அழைக்கும் நாளில் காய்ச்சாமல் இருக்கிறேன்" என்பது பதிலாகாது. நம் சபையில் அவர் ஒருவரே அல்ல. இன்னும் வாயைத் திறந்து என்னிடம் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியாது. பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும், ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், வாரந்தோறும் நான் சந்திக்கும் குடும்பங்களில் இந்தப் பாரத்தைச் சுமக்காத வீடு குறைவு. அந்தப் பெண்கள் தங்கள் கணவன்மாரைத் துணிந்து அனுப்பக்கூடிய ஓர் இடமாவது இந்தப் புறநகரில் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

1869-இல் அமெரிக்காவின் வைன்லேண்ட் என்னும் ஊரில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபையார் ஒருவர் இருந்தார். தொழிலால் பல் மருத்துவர். திராட்சைச் சாற்றைச் சூடாக்கி ஈஸ்டைக் கொன்றுவிட்டால் அது புளிக்காமல் நிற்கும் என்று கண்டு, திருவிருந்துக்காகவே அவர் அதைத் தயாரித்தார். லூயி பாஸ்டரின் கண்டுபிடிப்பை அவர் கொண்டுவந்து சேர்த்த இடம் கர்த்தருடைய பந்தி. இன்று நாம் பயன்படுத்தும் புளிக்காத திராட்சரசம் அந்த வழியில் வந்தது. மூன்று ஆண்டு தெளிந்திருக்கும் அந்தச் சகோதரர் மாதந்தோறும் நம்மோடு ஒரே பாத்திரத்திலிருந்து பருக முடிவது அதனால்தான். ஈஸ்டை அறிந்த மனிதர் ஒருவர் தம் அறிவைப் பலவீனருக்காகச் செலவழித்தார்.

இதை வெளியிடுமுன் அந்த வாலிபச் சகோதரருக்கு வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் மௌனமாக இருந்தார். கோபம் இருந்தது, ஊறல் என்ற சொல் அவரை மிகவும் புண்படுத்தியது, ஆயினும் அதை நான் நீக்கவில்லை. பின்பு, கலனில் இருந்ததைக் கொட்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். "இவ்வளவு பணம் போட்டுச் செய்த பாத்திரத்தை என்ன செய்வது, பாஸ்டர்?" என்று கேட்டார்.

திருவிருந்துக்கான திராட்சைச் சாற்றை நம் பெண்கள் ஐக்கியத்தார் ஒவ்வொரு மாதமும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சி, மூன்று முறை துணியில் வடிகட்டுகிறார்கள். அப்படியும் அடியில் சக்கை தங்கிவிடுகிறது. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலய வளாகத்துக்கு அந்தக் கலனைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வால்வைக் கழற்றி நன்றாகக் கழுவிக்கொண்டு வரும்படியும் சொன்னேன். இருபது கிலோ திராட்சை இருக்கிறது. காம்பு நீக்க ஆட்கள் வேண்டும்.