பார்த்ததைப் பேசுவோம்

திரைப்படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்றும், படிக்கும் பிள்ளைகளுக்கு அது ஆகாது என்றும் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. தனியே அமர்ந்து, கைப்பேசியில் ஒரு படம் முடிந்தவுடன் அடுத்த படத்திற்குத் தாவுபவருக்கு ஒரு மாதம் கழித்து முதற்படத்தின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. ஆனால், பார்த்த படத்தைப் பற்றி நான்கு பேர் கூடி ஒரு மணி நேரம் பேசினால், அது கல்வியாகிறது. வைட்டிலாவிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ் மாணவர்கள் தமக்கென ஓர் இணையவழித் திரைப்பட மன்றத்தை நடத்த வேண்டும்; அதில் தமிழிலேயே உரையாட வேண்டும். இதுவே இப்பாடத்தின் கருத்து.

கூடிப் பார்த்தவர்கள்

இக்கருத்து புதியதன்று. 1947ஆம் ஆண்டு சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். உலக நாடுகளின் படங்களை வரவழைத்துப் பார்த்தனர், பார்த்தபின் வாதிட்டனர். அவ்வாறு வாதிட்டவர்களுள் ஒருவரான ரே, 1955ஆம் ஆண்டு ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் படத்தை அளித்தார். 1959ஆம் ஆண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று.

நாம் வாழும் கேரளம் இத்துறையில் நீண்ட மரபுடையது. 1965ஆம் ஆண்டு அடூர் கோபாலகிருஷ்ணனும் அவர்தம் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை நிறுவினர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக எழுந்த கூட்டுறவு அமைப்பு தயாரித்த ‘சுயம்வரம்’ 1972ஆம் ஆண்டு வெளிவந்து, சிறந்த திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

1984ஆம் ஆண்டு இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவர்தம் தோழர்களும் கோழிக்கோட்டில் ‘ஒடேசா’ என்னும் குழுவை அமைத்தனர். ஊர் ஊராகச் சென்று, சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களை மக்களுக்குத் திரையிட்டுக் காட்டி, அவர்களிடம் சிறு தொகைகளைத் திரட்டினர். அப்பணத்தால் உருவான ‘அம்ம அறியான்’ 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. மலையாளியாகிய இதே ஜான் ஆபிரகாம் 1977ஆம் ஆண்டிலேயே ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார். தமிழில் சிறந்த படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. கேரளமும் தமிழகமும் திரைக்கலையால் எத்துணை நெருங்கியவை என்பதற்கு அவர் ஒரு சான்று.

ஏன் தமிழில் பேச வேண்டும்?

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். வாத்துருத்தியில் உழைக்க வந்த குடும்பங்கள் உள்ளன. பணிமாறுதலில் வந்து வைட்டிலா, திருப்பூணித்துறைப் பக்கம் குடியிருப்போரும் உளர். இக்குடும்பங்களின் பிள்ளைகள் தெருவிலும் விளையாட்டிலும் மலையாளம் பேசுகின்றனர். பாடங்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் படிக்கின்றனர். தமிழுக்கு எஞ்சுவது வீடு மட்டுமே. வீட்டில் அவர்கள் கேட்கும் தமிழ் எத்தகையது? ‘சாப்பிடு’, ‘படி’, ‘விளக்கை அணை’ என்பன போன்ற ஏவல்களே பெரும்பகுதி. அவற்றிற்கு ‘சரி’ என்னும் ஒரு சொல்லே விடையாகப் போதும்.

ஏவலைப் புரிந்துகொள்ளும் அளவோடு நின்றுவிடும் மொழி நாளடைவில் மெலியும். ‘நான் அவ்வாறு கருதவில்லை, ஏனெனில்...’ என்று தொடங்கி ஒரு கருத்தை மறுக்கவும், காரணம் காட்டவும், பிறர் கூற்றை ஏற்கவும் எம்மொழியில் முடிகிறதோ அம்மொழியே நமக்கு உரியதாகிறது. அத்தகைய வாய்ப்பைத் தமிழில் உண்டாக்குவதற்குத் திரைப்படத்தைப்போல் எளிய வழி பிறிதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவரும், விரைந்து படிக்கும் மாணவரும் ஒரே படத்தை ஒன்றுபோலக் காண இயலும். படம் முடிந்தபின் இருவர்க்கும் சொல்ல ஏதேனும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, எம். மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’ படத்தைக் கருதுவோம். சென்னையின் குடிசைப்பகுதியில் வாழும் இரு சிறுவர் பீட்சா உண்ண ஆசைப்படுவதே அதன் கதை. அவர்கள் விளையாடிய இடத்தில் இருந்த மரம் வெட்டப்பட்டு, அங்கேதான் அந்தக் கடை எழுகிறது. அவ்வாசை தவறா? மரத்தை இழந்த சிறுவர்க்கு அக்கடையின்மேல் சினம் வராமல் விருப்பம் வந்தது ஏன்? இவ்வினாக்களுக்கு வகுப்பில் ஒரே விடை வராது. விடைகள் வேறுபடும் இடத்தில்தான் மொழி பயிற்சி பெறுகிறது.

ஜெயராஜ் இயக்கிய ‘ஒற்றால்’ என்னும் மலையாளப் படமும் நமக்கு உரியதே. குட்டநாட்டில் தாத்தாவுடன் வாழும் சிறுவன் ஒருவன் சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்கு அனுப்பப்படுகிறான். தமிழகத்திலிருந்து கேரளத்திற்கு உழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, கேரளத்திலிருந்து தமிழகத்திற்கு அனுப்பப்படும் பிள்ளையின் கதையைக் காணும்போது எழும் எண்ணம் பிறர்க்கு எழாது. அதைச் சொல்லத் தமிழும் வேண்டும். கேட்க நண்பர்களும் வேண்டும்.

மூத்த மாணவர்கள் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தைப் பெற்றோருடன் காணலாம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஒருவர், நண்பகல் உறக்கம் கலைந்ததும் ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நடந்து செல்கிறார். அவ்வூரைச் சேர்ந்த சுந்தரம் என்பவராகவே தம்மைக் கருதித் தமிழ் பேசுகிறார். பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் வேறொரு மொழியும் பேசும் மாணவர்க்கு இக்கதை வியப்பாக மட்டும் தோன்றாது. தம்மைப் பற்றியதாகவும் தோன்றும்.

ஏன் இணையவழி?

நேரில் கூடுவதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பள்ளி விட்டதும் நம் மாணவர்கள் பேருந்திலும் மெட்ரோ இரயிலிலும் பல திசைகளில் பிரிந்து விடுகின்றனர். மட்டாஞ்சேரி மாணவர் மாலையில் பாலங்களைக் கடந்து மீண்டும் வைட்டிலா வருவது அரிது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அரங்குகள் மூடியபின் திரைப்படச் சங்கங்கள் பலவும் இணையத்தில் உரையாடிப் பழகின. அப்பழக்கம் நமக்கு உதவும். படத்தை அவரவர் வீட்டில் குடும்பத்தோடு காணலாம். உரையாடலுக்கு மட்டும் இணையத்தில் கூடலாம்.

நடத்தும் முறை

மாதத்திற்கு ஒரு படம் போதும். படத்தை ஆசிரியரும் பெற்றோரும் முன்னரே பார்த்து, அகவைக்கு ஏற்றதா என உறுதி செய்தல் வேண்டும். உரிமம் பெற்ற வழியில் கிடைக்கும் படத்தையே தேர்ந்தெடுத்தல் முறையாகும். திருட்டுப்படியைப் பகிர்தல் கலைஞரின் உழைப்பைக் களவாடுவதற்கு ஒப்பாகும். உரையாடலுக்கு ஒரு மாணவர் தலைமை ஏற்கட்டும். மாதந்தோறும் தலைமை மாறட்டும். ஒவ்வொருவரும் முதலில் தம் மனத்தில் நின்ற ஒரு காட்சியை மட்டும் விவரிக்க வேண்டும். ‘நன்று’, ‘நன்றன்று’ என்னும் தீர்ப்புகள் பின்னர் வரலாம். தமிழ்ச் சொல் நினைவுக்கு வராவிடில் மலையாளச் சொல்லைக் கூறலாம். உரிய தமிழ்ச் சொல்லை மற்றவர் எடுத்துத் தரலாம். பிழையாகப் பேசுபவரைப் பார்த்துச் சிரித்தல் கூடாது. இவ்வொரு விதியை மீறினால் மன்றம் மூன்று மாதம்கூட நிலைக்காது.

தடைகளும் விடைகளும்

‘தேர்வு நெருங்கும்போது இது எதற்கு?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தேர்வு மாதங்களில் மன்றத்திற்கு விடுமுறை விடலாம். மற்ற மாதங்களில், படம் பார்க்கவும் பேசவும் மாதத்திற்கு மூன்று அல்லது நான்கு மணி நேரமே தேவைப்படும்.

இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. சில வீடுகளில் ஒரே கைப்பேசிதான் இருக்கிறது. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்று, இரவில்தான் திரும்புகிறது. இணைய வசதி உள்ளவர் மட்டுமே பேசும் மன்றம், தமிழ் மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளையையே வெளியில் நிறுத்திவிடும். ஆதலால், கூடும் நேரத்தை முடிவு செய்யும் உரிமை கைப்பேசி அரிதாகக் கிடைக்கும் மாணவர்க்கே முதலில் தரப்பட வேண்டும். அண்டை வீட்டு மாணவர் மூவர் ஒரே கருவியின்முன் அமரலாம். அதுவும் இயலாதவர் தம் கருத்தைத் தாளில் எழுதி வகுப்பில் தர, தலைமை ஏற்பவர் அதை அனைவர்க்கும் படித்துக் காட்டலாம். எல்லாரையும் சேர்க்க இயலாவிடில், இணையத்தை விடுத்துப் பள்ளி நேரத்திலேயே அரைமணி நேரம் கூடுவது மேல்.

கல்கத்தாவிலும் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் கூடியவர்களிடம் பெருஞ்செல்வம் இருக்கவில்லை. பார்த்ததைப் பற்றிப் பேசும் விருப்பமும், பிறர் பேசும்போது கேட்கும் பொறுமையும் இருந்தன. அவ்விரண்டும் மாணவர்களாகிய உங்களிடமும் உள்ளன. அடுத்த மாதத்திற்குரிய படத்தின் பெயரை இவ்வாரமே கூடி முடிவு செய்யுங்கள்.

சொற்பொருள்

ஏவல் – கட்டளை
ஐயம் – சந்தேகம்
அகவை – வயது
உரிமம் – சட்டப்படியான அனுமதி

பயிற்சி

1. கேரளத்தில் திரைப்படச் சங்கங்கள் வளர்ந்த வரலாற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.
2. ‘ஏவலைப் புரிந்துகொள்ளும் அளவோடு நின்றுவிடும் மொழி நாளடைவில் மெலியும்’ – இக்கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.
3. அண்மையில் கண்ட படம் ஒன்றில் உம் மனத்தில் நின்ற காட்சியைப் பத்து தொடர்களில் விவரிக்க.
4. இப்பாடத்தின் கருத்து ஒன்றை மறுத்து, ‘நான் அவ்வாறு கருதவில்லை, ஏனெனில்...’ எனத் தொடங்கி ஒரு பத்தி எழுதுக.