அரைகுறைக் கப்பலும் நம்ம விக்ராந்தும்

விக்ராந்த்னு பேச்செடுத்தாலே, "அது வெள்ளைக்காரன் கழிச்சுப் போட்ட செகண்ட் ஹேண்ட் கப்பல்தானே"ன்னு சொல்ல ஒருத்தராவது வந்துடுவாரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சதால இந்தப் பதிவு.

செகண்ட் ஹேண்ட்னா யாராவது முன்னாடி ஓட்டியிருக்கணும் பாஸ். இதை ஒருத்தரும் ஓட்டலை! இரண்டாம் உலகப் போர் நடுவுல, 1943-ல் 'ஹெர்குலிஸ்'ங்கிற பேர்ல பிரிட்டன்ல கட்ட ஆரம்பிச்ச விமானந்தாங்கி இது. 1945 செப்டம்பர்ல தண்ணியில இறக்கினப்போ போரே முடிஞ்சிருந்தது. 1946-ல் வேலையை நிறுத்தி ஓரங்கட்டிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல சும்மா கிடந்த அந்தக் கூட்டைத்தான் 1957-ல் இந்தியா வாங்குச்சு. பழைய வரைபடத்துல இல்லாத சாய்வான ஓடுதளம், நீராவிக் கவண் எல்லாம் சேர்த்து, பெல்ஃபாஸ்ட்ல கட்டி முடிச்சு, 1961 மார்ச் 4-ல் நம்ம கடற்படையில் சேர்ந்தது.

அணைக்கட்டுல கடலும் இல்ல, கப்பலும் இல்ல. ஆனா அரைகுறைச் சரக்கோட அருமை எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடியில பாதி பதனிட்ட தோலை ஒரு காலத்துல அப்படியே கப்பலேத்தினாங்க. 1970களில் அரசாங்கம் அதுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான், இங்கேயே முழுசா முடிச்சு ஷூவா அனுப்புறது பெருசா வளர்ந்துச்சு. காசும் பேரும் முடிக்கிறவனுக்குத்தான். இன்னொருத்தர் பாதியில விட்டுட்டுப் போன கோடை வாங்கி ரிலீஸ் பண்ணின எந்தப் பொட்டி தட்டுறவரும் இதை ஒத்துக்குவாரு :)

முடிச்சது வீண் போச்சா? 1971 டிசம்பர்ல, பாய்லர்ல விரிசல், முழு வேகம் கிடையாது. அந்த நிலைமையிலயும் விக்ராந்த்ல இருந்து கிளம்பின சீ ஹாக், அலீஸே விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்குச்சு.

நாம வெட்கப்பட வேண்டிய விஷயம் வேற. 1997-ல் ஓய்வு, அப்புறம் மும்பையில 2012 வரைக்கும் மியூசியம், 2014-ல் சுமார் 60 கோடிக்குக் காயலான் கடை. அந்த இரும்புல கொஞ்சம் 2016-ல் பைக்குக்குப் போச்சு. பராமரிக்கக் காசு இல்லைங்கிறது நியாயமான பதில்தான். உப்புத் தண்ணியில இரும்பைக் காப்பாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. அதுக்காக முழுசையும் உடைக்கணுமா? முகப்பையோ மேல்கட்டையோ தரையில நிறுத்தியிருக்கலாமே! லண்டன்ல 'பெல்ஃபாஸ்ட்'ங்கிற போர்க்கால க்ரூஸர் 1971-ல் இருந்து தேம்ஸ் நதியில நிக்குது.

கொச்சியில நாமளே கட்டின புது விக்ராந்த் 2022-ல் சேர்ந்தாச்சு. ரொம்ப சந்தோஷம். அதுக்கும் ஒருநாள் வயசாகும். அன்னிக்காவது எடைக்குப் போடாம இருப்போமா? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?