வாட்சை அசெம்பிள் செய்யலாம், பெயரைத் திருடலாமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வாட்சுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கலாமா, அசெம்பிள் செய்யலாமா என்று யோசித்தவர்கள்தானே நீங்கள்! கைக்கடிகாரத்திலும் இப்போது அதே கேள்வி வந்திருக்கிறது.

ரோலக்ஸ் நிறுவனத்தின் சப்மரைனர் வாட்சைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு டயல், வெள்ளைப் புள்ளிகள், சுழலும் வளையம். கடலுக்குள் மூழ்குபவர்களுக்காக 1953இல் உருவானது. இன்று விலை பல லட்சம் ரூபாய். அவ்வளவு பணம் இல்லாத பலர், அதே தோற்றத்தில் ஒன்றை வீட்டு மேஜையிலேயே செய்து கொள்கிறார்கள். நானும் ஒன்று செய்து கட்டியிருக்கிறேன். என் வேலை சாஃப்ட்வேர் எழுதுவது. வாட்ச் ரிப்பேர் கற்றவன் அல்ல.

கம்ப்யூட்டருக்கு மதர்போர்டும் பிராசசரும் எப்படியோ, வாட்சுக்கு மூவ்மென்ட் அப்படி. அதாவது, உள்ளே ஓடும் எந்திரம். புதியவர்கள் பலர் எடுப்பது ஜப்பானின் சீகோ குழுமம் தயாரிக்கும் என்ஹெச்35. இதற்கு பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே இருக்கும் வில் முறுக்கேறும். கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும். கேஸ், டயல், முட்கள் எல்லாம் இதற்கென்றே தனித்தனியாகக் கிடைக்கின்றன.

இன்டெல் மதர்போர்டில் ஏஎம்டி பிராசசர் உட்காராது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். டயலின் அடியில் உள்ள சிறு கால்கள் மூவ்மென்டின் துளைகளில் சரியாக இறங்க வேண்டும். கேஸில் சாவி 3 மணிப் பக்கம் இருக்கிறதா, 4 மணிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் டயல் வாங்க வேண்டும். தேதி மாறும் கணத்தில் நிறுத்தி, சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் 12க்கு நேராகப் பொருத்த வேண்டும். நொடி முள்தான் மிகவும் சோதிக்கும். சாவியின் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அளவு பார்க்க வேண்டும். அதிகமாக வெட்டிவிட்டால் அன்டூ பட்டன் கிடையாது!

இப்படிச் செய்த வாட்ச் ரோலக்ஸுக்குச் சமமா? இல்லை. என்ஹெச்35 நொடிக்கு 6 முறை துடிக்கும். இன்றைய சப்மரைனர் 8 முறை. என்ஹெச்35 ஒரு நாளில் 20 நொடி பின்தங்கலாம் அல்லது 40 நொடி முந்தலாம் என்பது தயாரிப்பாளரே தரும் வரம்பு. ரோலக்ஸ் தரும் வரம்பு 2 நொடி. சரியான நேரம் மட்டும் போதுமென்றால், நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் வைத்த மலிவு வாட்சே போதும். உங்கள் மதர்போர்டில் நேரத்தைக் காப்பதும் அதே வகைப் படிகம்தான்.

பிறகு எதற்கு இந்த வேலை? மூடிக் கிடக்கும் ஒரு எந்திரத்தைத் திறந்து, எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு. கேபினெட்டைத் திறந்து ரேம் மாற்றிய அன்று கம்ப்யூட்டர் மீதான பயம் போகும். அதே லாபம்தான் இதிலும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ரோலக்ஸ் பெயரும் கிரீடமும் அச்சிட்ட போலி டயல்களும் விற்பனைக்கு வருகின்றன. “இதைப் போட்டால் ஒரிஜினல் என்றே நினைப்பார்களே, நான் விற்கப் போவதில்லையே” என்பார்கள் சிலர். தோற்றத்தைப் பின்பற்றுவது வேறு, பெயரைப் போடுவது வேறு. கறுப்பு டயலும் சுழலும் வளையமும் கொண்ட பிளாங்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்சும் அதே 1953இல்தான் வந்தது. அந்தத் தோற்றம் இன்று பல நிறுவனங்களின் வாட்சுகளில் இருக்கிறது. ஆனால் பெயர் ஒருவருக்கே சொந்தம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டப்படி, போலி முத்திரையிடுவதும் அப்படிப்பட்ட பொருளை விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

நீங்கள் விற்கமாட்டீர்கள், சரி. பத்து வருடம் கழித்து அந்த வாட்ச் யார் கையில் இருக்கும்? ஏதோ ஒரு கடையில் யாரோ ஒருவர் நம்பிப் பணம் கொடுப்பார். லிப்ரே ஆபீஸை எடுத்துக் கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் செய்யும் பல வேலைகளை அதுவும் செய்கிறது, தன் சொந்தப் பெயரில். கிராக் செய்த ஆபீஸ் அப்படியா? பெயர் போட்ட டயல் அந்தக் கிராக் ரகம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பெயரைப் போட்டதும் உங்கள் உழைப்பு மறைந்துவிடும். “நானே செய்தேன்” என்று சொல்ல வாய் வராது. சொன்னாலும் அளவோடு சொல்ல வேண்டும். ஆங்கிலேய வாட்ச் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926-2011) ஒரு வாட்சின் ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தன் கையாலேயே செய்தவர். நாம் செய்வது அசெம்பிளிங். அதிலும் பெருமை இருக்கிறது, உண்மையைச் சொல்லும்வரை.

செய்து பார்க்க ஆசையா? பெயர் இல்லாத டயலையே கேட்டு வாங்குங்கள். முதலில் ஓடாத பழைய வாட்ச் ஒன்றில் முள்ளைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். தண்ணீர் புகாது என்று சோதித்துப் பார்க்காமல் குளிக்கக் கட்டாதீர்கள். முக்கியமாக, செய்து முடித்ததை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே உள்ள மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறினால், வாட்ச் தாறுமாறாக முந்தி ஓடும்!