டைனோசர் சேகரிப்பவர்களே, முதலில் அளவுகோலை எடுங்கள்!

உங்கள் வீட்டில் டைனோசர் உருவங்கள் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வெலோசிராப்டரை எடுத்து டி-ரெக்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். டி-ரெக்ஸ் சுமார் 12 மீட்டர் நீளமுள்ள விலங்கு. வெலோசிராப்டர் வாலோடு சேர்த்தே 2 மீட்டர்தான். உடம்பு ஒரு வான்கோழி அளவு. படத்தில் ஆள் உயரத்துக்குக் காட்டினார்கள் என்பதற்காக அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடாது. ஆனால் கடைக்காரருக்கு வேறு கவலை. இரண்டையும் ஒரே அளவு பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு விற்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் டைனோசர் உருவங்களைச் சேர்ப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். “இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னும் பொம்மையா?” என்று வீட்டில் கேட்பார்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள். சேர்ப்பதை விடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பொம்மையா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அளவு விகிதம் தெரியாமல் ஐம்பது உருவம் வாங்கி அடுக்கியிருந்தால், அம்மா சொல்வதுதான் சரி. விகிதம் தெரிந்து ஐந்தே ஐந்து வைத்திருந்தால், அது ஓர் ஆய்வுக்கூடம்.

1:40 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையான விலங்கின் 40 சென்டிமீட்டர், உருவத்தில் 1 சென்டிமீட்டராகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் டி-ரெக்ஸ் 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் பள்ளி அளவுகோலின் நீளம். வெலோசிராப்டர் 5 சென்டிமீட்டர். உங்கள் உயரம் 160 சென்டிமீட்டர் என்றால் நீங்கள் 4 சென்டிமீட்டர். அட்டையில் அந்த உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டி டி-ரெக்ஸின் காலடியில் நிறுத்துங்கள். எத்தனை ஆவணப்படம் பார்த்தாலும் வராத ஒரு பயம் அப்போது வரும்.

நம் ஊரிலேயே இதைச் சோதிக்க ஓர் இடம் உண்டு. கெண்ட் ரிட்ஜில் 2015ல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டியெடுக்கப்பட்டவை அவை. பிரின்ஸ் 27 மீட்டர், அபோலோனியா 24 மீட்டர், குட்டியான டிவிங்கி 12 மீட்டர். 1:40ல் பிரின்ஸை மட்டும் செய்தால் 67.5 சென்டிமீட்டர் வரும். வீவக வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் அது ஒன்றே பிடித்துக்கொள்ளும். கழுத்து நீண்ட டைனோசர்களைச் சேகரிப்பாளர்கள் வாங்கத் தயங்குவதன் இரகசியம் இதுதான். விலை இரண்டாம் பட்சம், இடம்தான் இல்லை!

அளவு விகிதத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நீளம் மட்டுமல்ல, எடை. டைனோசரின் எடையை யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. பிறகு 8 டன், 40 டன் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதற்கு உதவிய கருவிகளில் ஒன்று, உங்கள் அலமாரியில் இருப்பதைப் போன்ற உருவம்தான்.

அமெரிக்க ஆய்வாளர் எட்வின் கோல்பர்ட் 1962ல் வெளியிட்ட ஆய்வில், டைனோசர் மாதிரி உருவங்களை மணலில் புதைத்து அவற்றின் கன அளவைக் கண்டார். பெட்டியை நிரப்ப வழக்கமாக எவ்வளவு மணல் வேண்டும், உருவம் உள்ளே இருக்கும்போது எவ்வளவு போதும் என்று பார்த்தால், வித்தியாசம்தான் உருவத்தின் கன அளவு. பின்னர் 1980களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் மக்நீல் அலெக்சாண்டர், லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்காகத் தயாரித்து விற்கப்பட்ட பிளாஸ்டிக் உருவங்களைத் தண்ணீரில் வைத்து அதே வேலையைச் செய்தார். பிள்ளைகள் வாங்கி விளையாடிய அதே உருவங்கள். தொட்டியை விட்டு எழுந்து ஓடிய ஆர்க்கிமிடீசின் கணக்குத்தான், ஆளுக்குப் பதில் டைனோசர்.

நீங்களும் செய்யலாம். ஒரு பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பெரிய தட்டின் மேல் வையுங்கள். உருவத்தை மெல்ல முழுவதும் அமிழ்த்துங்கள். உள்ளே கூடாக இருந்தால் மிதக்கும். மெல்லிய கம்பியால் அழுத்துங்கள், விரலை உள்ளே விடாதீர்கள், விரலின் கன அளவும் கணக்கில் சேர்ந்துவிடும். வழிந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஒரு டி-ரெக்ஸ் 120 மில்லிலிட்டர் தண்ணீரை வெளியேற்றியது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1:40 என்றால் 40ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், ஏனென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்கியிருக்கின்றன. 40 × 40 × 40 = 64,000. அதை 120ஆல் பெருக்கினால் 7,680 லிட்டர். உடம்பின் அடர்த்தியைத் தண்ணீரின் அடர்த்தி என்று கொண்டால் 7.7 டன்.

இப்போது பெட்டியில் போட்டிருந்த 1:40 தவறு, உண்மையில் அது 1:35 என்று வைத்துக்கொள்ளுங்கள். 35ஐ மூன்று முறை பெருக்கினால் 42,875தான். விலங்கின் எடை 5.1 டன்னுக்கு இறங்கிவிடும்! விகிதத்தில் ஒரு சின்னப் பிசகு, எடையில் மூன்றில் ஒரு பங்கையே விழுங்கிவிட்டது. அதனால்தான் பெட்டியை நம்பாதீர்கள் என்கிறேன். நூலை எடுத்து மூக்கு நுனியிலிருந்து முதுகு வழியாக வால் நுனிவரை வைத்து, நூலை நீட்டி அளந்து, உண்மையான நீளத்தை அதால் வகுத்து நீங்களே விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். வால் வளைந்திருக்கும் உருவத்தை நேர்கோட்டில் அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

விகிதம் சரியாக இருந்தாலும் சண்டை ஓய்வதில்லை. பிராக்கியோசாரஸ் என்ற உயரமான டைனோசருக்குக் கோல்பர்ட் சொன்ன எடை 78 டன். அலெக்சாண்டர் சொன்னது 47 டன். இடையில் 31 டன், அதாவது ஏறக்குறைய ஐந்து பெரிய ஆப்பிரிக்க ஆண் யானைகள்! இருவரும் திறமையானவர்களே. ஒருவர் கையிலிருந்த உருவம் குண்டு, மற்றவர் கையிலிருந்தது ஒல்லி, அவ்வளவுதான். எலும்புக்கு மேல் எவ்வளவு சதை என்பதைச் சிற்பி முடிவு செய்கிறார். அந்த முடிவு அப்படியே டன் கணக்கில் வந்துவிடுகிறது. கழுத்து நீண்ட இந்த விலங்குகளின் எலும்புகளிலும் உடம்பிலும் காற்றறைகள் இருந்தன என்பதால் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்று வைத்து, பின்வந்தவர்கள் எடையை இன்னும் குறைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வோர் உருவமும் ஒரு கருதுகோள். இந்த விலங்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருவர் பிளாஸ்டிக்கில் எழுதிய வாக்கியம். சேகரிப்பாளர்கள் சிலர் “இது அறிவியல்படி தவறு” என்று பழைய உருவங்களைத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தவறான உருவம்தான் பல நேரங்களில் அதிகம் சொல்லித்தருகிறது.

ஸ்பைனோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915ல் அதற்குப் பெயர் வைத்தார். அந்த எலும்புகள் 1944ல் மியூனிக் நகரின்மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தன. அதன் பிறகு பல ஆண்டுகள், முதுகில் பாய் விரித்த டி-ரெக்ஸ் போலவே அதைச் செய்து விற்றார்கள். 2014ல் மொரோக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து, பின்னங்கால்கள் குட்டை என்றார்கள். 2020ல் வால் எலும்புகளும் வெளியாயின. துடுப்பு போல அகன்ற வால், நீரில் நீந்தும் விலங்குக்கு ஏற்றது. இன்றும் அது எவ்வளவு தூரம் நீந்தியது என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் மூன்று காலத்து ஸ்பைனோசாரஸும் இருந்தால், நூறு ஆண்டுக் கதையை ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். எதையும் எறியாதீர்கள். அடியில் வெள்ளைத் தாள் ஒட்டி ஆண்டை எழுதுங்கள்.

இந்த விலங்கின் குடும்பம் நமக்கு அவ்வளவு தூரத்து உறவும் அல்ல. ஸ்பைனோசாரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு டைனோசரின் பல் பகாங் மாநிலத்தில் கிடைத்ததாக மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2014ல் அறிவித்தது. மலேசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம் அதுவே. நீளம் 23 மில்லிமீட்டர். 1:40ல் அந்தப் பல்லைச் செய்ய வேண்டுமானால் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வண்ணத் தூரிகையின் ஒரு மயிர்கூடப் பெரிதாகத் தெரியும். ஒரு பல்லை வைத்து முழு விலங்கையும் செய்து விற்றால் அதில் எத்தனை பங்கு கற்பனை என்று நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

தவறைப் பாதுகாப்பதில் ஆங்கிலேயர்கள் நம்மைவிடத் தாராளம். 1854ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி முழு அளவு டைனோசர்களைச் செய்து வைத்தார். அவற்றின் சிறிய பிரதிகள் கல்விக்காக விற்கப்பட்டன. நம் பொழுதுபோக்கின் பாட்டன் என்று அவற்றைச் சொல்லலாம். அதில் இகுவனோடான் மூக்கின்மேல் ஒரு கொம்பு இருக்கும். 1878ல் பெல்ஜியத்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் அது கொம்பல்ல, கட்டைவிரல் என்று உறுதியாகத் தெரிந்தது. சிலைகள் இன்றும் அதே பூங்காவில் கொம்போடு நிற்கின்றன.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை சரியா, பழுப்பு சரியா என்று சண்டை போடாதீர்கள். மிகச் சில டைனோசர்களுக்கு மட்டுமே நிறம் பற்றிய ஆதாரம் இருக்கிறது. சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸ் அவற்றில் ஒன்று. அதன் இறகுத் துணுக்குகளில் இருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, வாலில் செம்பழுப்பு வளையங்கள் இருந்தன என்று 2010ல் கண்டார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை வண்ணம் தீட்டியவரின் ரசனை. வெலோசிராப்டருக்கு இறகே இல்லாமல் இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகள் இருப்பதை 2007லேயே காட்டிவிட்டார்கள்.

பணம் உங்களுடையதல்ல, பெரும்பாலும் பெற்றோருடையது. எனவே முழுத் தொகுப்பும் வேண்டும் என்ற ஆசையை, விற்பவர்கள் உண்டாக்கும் ஆசை என்றே நான் பார்க்கிறேன். பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத வகைகளை வாங்கவே வேண்டாம். உங்களுக்கு அளக்க வேண்டியது எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன பழைய உருவங்களுக்குக் கேட்கும் விலையையும் கொடுக்காதீர்கள். ஒரே விகிதத்தில் ஒரு டி-ரெக்ஸ், ஒரு கழுத்து நீண்டது, ஒரு மூன்று கொம்பன், கூடவே ஒரு யானை. யானையை விட்டுவிடாதீர்கள், அது ஒன்றுதான் நாம் உயிரோடு பார்த்த அளவு.

கடைசியாக, நம் வெப்பத்தில் பிவிசி பிளாஸ்டிக் இளகும். இரண்டு காலில் நிற்கும் டி-ரெக்ஸ் சில மாதத்தில் முன்னால் சாய்ந்து விழ ஆரம்பிக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்து, இளகியதும் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். விழாமலிருக்கச் சில நிறுவனங்கள் பாதத்தைப் பெரிதாக்கிவிடுகின்றன. அதையும் அளந்து பார்த்துவிட்டு, தாளில் குறித்து அடியில் ஒட்டுங்கள்.