கடை உங்களுடையது, பெயர் யாருடையது?

2009 செப்டம்பர் 8-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனால்ட்ஸ் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது நம்மில் பலருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் திறக்கப்பட்டு, மீன் தலைக் கறியும் ரொட்டி சானாயும் விற்ற 'மெக்கரி' உணவகம் உலகப் பெரு நிறுவனத்தை வென்றுவிட்டது! யானையின் காதில் புகுந்த எறும்பு என்று மார்தட்டிக்கொண்டோம்.

வாசகர்களே, அந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

2001-இல் வழக்கு தொடுக்கப்பட்டது. 2006-இல் உயர் நீதிமன்றத்தில் மெக்கரிக்குத் தோல்வி. 2009 ஏப்ரலில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது. இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டும் கோழிப் படம், 'மலேசியன் சிக்கன் கரி' என்ற விளக்கம், முற்றிலும் வேறான சாப்பாடு. இதைப் பார்த்து யாரும் மெக்டோனால்ட்ஸ் என்று ஏமாற மாட்டார்கள் என்பதே அதன் முடிவு. ஆக, எட்டு ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள். செலவுத் தொகையாகக் கிடைத்ததோ 10,000 ரிங்கிட்! நம் கடைக்காரர்களில் எத்தனை பேரால் இப்படிப் படியேற முடியும்?

நம்மவர்களுக்கு வரும் எதிரி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. பிரிந்து போன பங்காளி, மூன்று ஆண்டுகள் சரக்கு எடுத்து விற்ற ஏஜெண்டு, நம் அடுப்பில் தொழில் கற்றுக்கொண்டு எதிர் வரிசையில் கடை போட்டவர். இவர்கள்தாம் அதே பெயரைச் சற்றே மாற்றி வைக்கிறார்கள். கேட்டால் நாம் சொல்லும் முதல் பதில் என்ன? "என்னிடம் எஸ்எஸ்எம் பதிவு இருக்கிறதே!"

அங்கேதான் கோளாறு. எஸ்எஸ்எம் பதிவு அந்தப் பெயரில் வியாபாரம் நடத்த அனுமதி தருகிறது, அவ்வளவுதான். பெயரை உங்கள் சொத்தாக்குவது மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் செய்யும் வணிகச் சின்னப் பதிவு. 2019 வணிகச் சின்னச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 27-இல் நடப்புக்கு வந்தது. பதிவு பெற்ற சின்னத்தைக் கடனுக்குப் பிணையாகவும் வைக்கலாம் என்கிறது அது.

பதிவு செய்யாதவருக்குச் சட்டம் கதவை மூடிவிடவில்லை. ஆனால் உங்கள் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருந்தது, மற்றவர் அதைக் காட்டி வாடிக்கையாளரை மயக்கினார், உங்களுக்கு நட்டம் வந்தது, இம்மூன்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். ரசீது புத்தகத்தையே பத்திரப்படுத்தாத நமக்கு இது மலையேற்றம்தான்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறீர்களா? 2019 சட்டத்தோடு வந்த கட்டணப்படி ஒரு வகைப்பாட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட். தீபாவளி விளம்பரத்துக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறோம். வகைப்பாடுகள் மொத்தம் 45. உணவகம் 43-இல் வரும். அதே பெயரில் மசாலைத் தூள் பொட்டலம் போட்டால் 30. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதியலாம், ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேறு யாராவது முந்திக்கொண்டார்களா என்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் பெயருக்கு இன்னொருவர் விண்ணப்பித்தால், அது இதழில் வெளியான நாளிலிருந்து ஆட்சேபிக்க இரண்டு மாதம்தான் அவகாசம்.

இன்னொன்று. தெருவுக்குத் தெரு முருகன், லட்சுமி, கணேசன் என்று பலகை தொங்குகிறது. பக்தியில் குறை சொல்லவில்லை! ஆனால் பத்துக் கடைக்குப் பொதுவான பெயரை ஒருவர் மட்டும் தனக்கே உரியது என்று வாங்குவது கடினம். சாமி பெயரோடு வேறெங்கும் இல்லாத ஒரு சொல்லையோ படத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயர்? அப்பா தொடங்கிய கடைக்கு அண்ணன் தன் பெயரில் பதிவு எடுத்துவிட்டால், சட்டத்தின் முன் உரிமையாளர் அவர்தான். மற்றவர்கள் வழக்காடித்தான் மீட்க வேண்டும். தனி ஆள் பெயரா, செண்டிரியான் பெர்ஹாட் பெயரா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டே பாரத்தை நிரப்புங்கள். பதிவு பத்து ஆண்டுகளுக்குத்தான், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும்.